டியூப் இருக்கிறது, ஆனாலும் முட்டுகிறது: ப்ரோஸ்டேட் ஆபரேஷனுக்குப் பின் வீட்டில் என்ன பார்ப்பது?

பெங்களூரு அல்சூரில், எங்கள் தெருவில் என்னைப் பெயர் சொல்லி அழைப்பவர்கள் குறைவு. எல்லோருக்கும் நான் சிஸ்டர்தான். 26 வருடம் சிறுநீரகப் பிரிவு (யூராலஜி) வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இரவு பத்து மணிக்கு மேல் போன் அடித்தால், பெரும்பாலும் யாரோ ஒருவருடைய அப்பா ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருப்பார்.

"சிஸ்டர், யூரின் தானாகப் பைக்கு வந்துவிடும் என்று சொல்லித்தான் டியூபோடு அனுப்பினார்கள். ஆனாலும் முட்டுகிறது, பாத்ரூமுக்குக் கூட்டிப்போ என்று எழுந்து எழுந்து உட்காருகிறார். டியூபைப் பிடுங்கிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது."

நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "பையைப் பாருங்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் யூரின் ஏறியிருக்கிறதா?"

இதற்குக் கிடைக்கும் பதிலை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டும். ஏறியிருந்தால் அது அவதி; வீட்டிலேயே தணிக்க முடியும். ஏறவில்லை என்றால் அது அடைப்பாக இருக்கலாம். அங்கே மாத்திரைக்கு வேலையில்லை. பையைப் பார்க்காமல் மாத்திரை கொடுக்காதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒரு வரியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் அதை வையுங்கள்.

ஏன் முட்டுகிறது?

சிறுநீர்ப்பையின் அடியில், வாய்ப்பகுதியை ஒட்டி, முக்கோணமாக ஓர் இடம் இருக்கிறது. சிறுநீர்ப்பை நிரம்புவதை உணர்த்துவதில் மிகவும் கூச்சமுள்ள இடம் அது. டியூப் வெளியே வந்துவிடாமல் பிடித்துக்கொள்ள அதன் நுனியில் ஒரு பலூன் உண்டு. ப்ரோஸ்டேட் ஆபரேஷனுக்குப் பின் அதில் வழக்கமாக 30 மில்லி தண்ணீராவது ஏற்றியிருப்பார்கள். சிலருக்கு அதைவிடக் கூடுதலாகவும் இருக்கும். ஒரு சிறிய எலுமிச்சம்பழம் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அந்த முக்கோணத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. சிறுநீர்ப்பை காலியாக இருந்தாலும் "நிரம்பிவிட்டது" என்ற சேதி மூளைக்குப் போய்க்கொண்டே இருக்கும். சில சமயம் சிறுநீர்ப்பையின் தசை தானாகவே சுருங்கி, உள்ளே இருக்கும் பலூனை வெளியே தள்ளப் பார்க்கும். அடிவயிறு இறுக்கிப் பிடிக்கும். வலி நுனி வரை ஓடும்.

ஆபரேஷன் டியூப் தடிமனானது என்பது இன்னொரு காரணம். டியூபின் வெளிமுனையில் 20, 22, 24 என்று ஒரு எண் அச்சிட்டிருக்கும். அது பிரெஞ்சு அளவு. மூன்றால் வகுத்தால் மில்லிமீட்டர் கிடைக்கும். 24 என்றால் 8 மில்லிமீட்டர். ரத்தக்கட்டி வெளியேறவும், கழுவும் சலைன் உள்ளே போகவும் அவ்வளவு அகலம் வேண்டியிருக்கிறது. தடிமனான டியூப் போட்ட ஆண்களுக்கு இந்த அவதி கூடுதல் என்பதை வார்டில் தினமும் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆகவே அப்பா அடம்பிடிக்கவில்லை. "டியூப்தான் இருக்கிறதே, அப்புறம் ஏன் எழுந்திருக்கிறீர்கள்?" என்று அவரை அதட்டாதீர்கள். அவருடைய உடம்பு அவரிடம் சொல்வதைத்தான் அவர் உங்களிடம் சொல்கிறார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் எத்தனையோ பெரியவர்களிடம் "பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருக்கிறேன். அந்த வார்த்தை யாருடைய வலியையும் குறைத்ததில்லை.

முதலில் விரலால் தொடர்ந்து போக வேண்டிய பாதை

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, உடம்பிலிருந்து டியூப் வெளிவரும் இடத்தில் தொடங்கிப் பை வரை விரலால் தொடர்ந்து போங்கள். இரண்டு நிமிட வேலை. இரவில் எனக்கு வரும் போன்களில் பல இந்த இரண்டு நிமிடத்திலேயே தீர்ந்துவிடுகின்றன.

தொடைக்கு அடியில் டியூப் மாட்டியிருக்கிறதா? பைஜாமாவின் எலாஸ்டிக் அதை நசுக்குகிறதா? டியூப் இருக்கும் நாட்களுக்குத் தளர்வாகக் கட்டிய வேட்டியோ லுங்கியோதான் நல்லது. உள்ளாடையும் பைஜாமாவும் வேண்டாம்.

டியூபும் பையின் குழாயும் சேரும் இடத்தில் முறுக்கு இருக்கிறதா? குழாய் கட்டிலுக்குக் கீழே தொங்கி, ஊஞ்சல் கயிறு போல வளைந்து, அந்த வளைவில் யூரின் தேங்கி நிற்கிறதா? அப்படித் தேங்கினால் ஓட்டம் தடைப்படும். அதிகப்படியான நீளத்தை மெத்தைமேல் சுருட்டி வைத்து, மெத்தை ஓரத்திலிருந்து பை வரை நேராக இறங்கும்படி செய்யுங்கள்.

பை எங்கே இருக்கிறது? எப்போதும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஆனால் தரையைத் தொடக்கூடாது. நடக்கும்போது தோளில் மாட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பையில் இருப்பது திரும்ப உள்ளே போகும்; கிருமியும் கூடவே போகும்.

பை எவ்வளவு கனக்கிறது? ஒரு லிட்டர் யூரின் ஒரு கிலோ. அந்த ஒரு கிலோவும் எதில் தொங்குகிறது? தொடையில் ஒட்டவில்லை என்றால், சிறுநீர்ப்பையின் வாயில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பலூனில்தான். ஒவ்வொரு அடி நடக்கும்போதும் அது முக்கோணத்தின் மேல் ஒருமுறை இடிக்கிறது. பை பாதி நிறைந்ததும் காலி செய்யுங்கள், முழுவதும் நிறையக் காத்திருக்காதீர்கள்.

கடைசியாக, தொடையில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டர். என் அனுபவத்தில் வீட்டில் மிக அதிகமாகத் தவறிப்போவது இதுதான். ஆஸ்பத்திரியில் ஒட்டி அனுப்பிய பிளாஸ்டர் முதல் குளியலிலேயே கழன்றுவிடும். அதன்பின் யாரும் கவனிப்பதில்லை. தொடையின் மேல்பகுதியிலோ அடிவயிற்றிலோ, முடியை ஒட்டக் கத்தரித்துவிட்டு, தோல் நன்றாக உலர்ந்த பிறகு மைக்ரோபோர் பிளாஸ்டரால் டியூபைப் பிடித்து ஒட்டுங்கள். உடம்புக்கும் பிளாஸ்டருக்கும் நடுவில் டியூப் கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும். காலை நீட்டினாலும் மடக்கினாலும் நுனியில் இழுப்பு தெரியக்கூடாது. நாளுக்கொரு தொடையாக மாற்றி ஒட்டினால் தோலும் புண்ணாகாது. இதற்கென்றே மருந்துக்கடையில் பட்டை கிடைக்கிறது. கிடைத்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டரே போதும்.

டியூபின் பக்கவாட்டில் ஒரு சிறிய வண்ண மூடி இருக்கும். அது பலூனுக்குத் தண்ணீர் ஏற்றும் வழி. அதை யாரும் திறக்கவோ வெட்டவோ கூடாது. அதன்மேல் பிளாஸ்டரும் ஒட்டாதீர்கள்.

முட்டுகிறது, பையில் யூரின் ஏறுகிறது

இதுதான் தசை இறுக்கம். அலை அலையாக வரும். சில நொடியிலிருந்து சில நிமிடம் வரை இருக்கும், பிறகு விடும். டி.யு.ஆர்.பி. (யூரின் வரும் வழியாகவே போய் ப்ரோஸ்டேட்டைச் சுரண்டி எடுப்பது) அல்லது லேசர் ஆபரேஷனுக்குப் பின் முதல் நாள்தான் மோசம். அதன்பின் பெரும்பாலானவர்களுக்குக் குறைந்துகொண்டே வரும்.

அலை வரும்போது அவர் முக்கக்கூடாது. போய்விட்டால் சரியாகிவிடும் என்று நினைத்துப் பெரியவர்கள் முக்குவார்கள். முக்கினால் இறுக்கம் கூடும், ரத்தமும் வரும். ஒருக்களித்துப் படுக்கவைத்து முழங்காலை மடக்கச் சொல்லுங்கள். மூக்கால் மெதுவாக இழுத்து, வாயால் இன்னும் மெதுவாக விடச் சொல்லுங்கள். நீங்களும் கூடவே செய்தால் அவரும் செய்வார். டி.யு.ஆர்.பி., லேசர் போல வயிற்றில் தையல் இல்லாத ஆபரேஷன் என்றால் அடிவயிற்றில் இளஞ்சூடான ஒத்தடம் கொடுக்கலாம். சர்க்கரை நோயால் தோலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு ஒத்தடம் வேண்டாம். சுட்டாலும் அவர்களுக்குத் தெரியாது.

பிறகு தண்ணீர். டியூபில் ஏற்கெனவே எரிகிறதே என்று பயந்து தண்ணீரைக் குறைப்பவர்கள் அதிகம். பெங்களூருவின் டிசம்பர் குளிரில் தாகமும் எடுக்காது. யூரின் அடர்த்தியானால் அதுவே உறுத்தும், ரத்தமும் கட்டி சேரும். இதய நோயோ சிறுநீரக நோயோ இல்லாதவர்கள் நாளுக்கு 2 முதல் 2.5 லிட்டர் குடிக்கலாம். அந்த நோய் உள்ளவர்களுக்கு டாக்டர் சொன்ன அளவுதான் அளவு. யூரினின் நிறத்தைப் பார்த்தே போதுமா என்று தெரிந்துகொள்ளலாம். வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும்.

காபியைப் பற்றிச் சொன்னால் எங்கள் தெருப் பெரியவர்களுக்கு வருத்தம். ஆனாலும் சொல்கிறேன்: காபியும் தேநீரும் சிறுநீர்ப்பையை உசுப்பும். டியூப் இருக்கும் நாட்களில் காலையில் ஒரு சிறிய டம்ளரோடு நிறுத்தச் சொல்லுங்கள். மிச்ச நேரத்துக்குப் பார்லித் தண்ணீரோ நீர்மோரோ கொடுக்கலாம்.

இதையெல்லாம் செய்தும் இரவில் தூங்கவிடாமல் அலை வந்தால், டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். இதற்கான மாத்திரை எழுதியிருக்கலாம். எழுதவில்லை என்றால் காலையில் டாக்டரைக் கேளுங்கள். மாத்திரையைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

முட்டுகிறது, பை ஏறவில்லை

பாதை முழுவதையும் பார்த்துவிட்டீர்கள், மடிப்பு இல்லை. அவரை ஒருமுறை புரண்டு படுக்கவைத்தீர்கள், எழுந்து நிற்கவைத்தீர்கள். அப்போதும் ஒரு மணி நேரமாகப் பையில் ஒன்றும் ஏறவில்லை. அடிவயிறு உப்பி, தொட்டால் கல் போல இருக்கிறது, அவர் வியர்க்கிறார் என்றால் ரத்தக்கட்டி டியூபை அடைத்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. உப்பலும் வலியும் சேர்ந்து ஏறினால் உடனே கிளம்பலாம்.

இன்னும் தண்ணீர் குடித்தால் தள்ளிக்கொண்டு வரும் என்று நினைக்காதீர்கள். அடைப்புக்குப் பின்னால் தண்ணீர் சேரச் சேர வலிதான் கூடும். வலி மாத்திரை கொடுத்துவிட்டுக் காலை வரை பார்க்காதீர்கள். யூடியூபில் பார்த்து ஊசிக்குழாயால் நீங்களே சலைன் அடிக்காதீர்கள். வார்டில் 50 மில்லி ஊசிக்குழாயால் நாங்கள் கட்டியை உறிஞ்சி எடுப்போம். அது பழகிய கை செய்ய வேண்டிய வேலை.

ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரி ஊரின் மறுகோடியில் இருந்தால், மாலை நேர நெரிசலில் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டியே தீருவது என்று பிடிவாதம் வேண்டாம். சிறுநீரகப் பிரிவு இருக்கும் பக்கத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருக்கட்டும். ஆட்டோவில் உட்கார முடியாத வலி என்றால் 108-ஐ அழையுங்கள்.

புற்றுநோய்க்காக ப்ரோஸ்டேட் முழுவதையும் எடுத்தவர் என்றால் ஒன்றை மிக அழுத்தமாகச் சொல்ல வேண்டும். அவருக்கு அந்த டியூப் யூரின் போவதற்கு மட்டும் போட்டதல்ல. சிறுநீர்ப்பையையும் சிறுநீர்க்குழாயையும் இணைத்துத் தைத்த இடம் ஆறும்வரை அதைத் தாங்கி நிற்பதும் அதுதான். வழக்கமாக 7 முதல் 14 நாள் இருக்கும். அது அடைத்தாலும் வெளியே வந்துவிட்டாலும், எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும், முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம் இது: "ப்ரோஸ்டேட் முழுவதையும் எடுத்திருக்கிறார்கள், உள்ளே தையல் இருக்கிறது, ஆபரேஷன் செய்த டாக்டரைக் கேட்காமல் டியூபைத் தொடாதீர்கள்." தெரியாமல் புது டியூபைத் திணித்தால் அந்தத் தையல் பிரியலாம்.

டியூப் ஓரமாகக் கசிந்து வேட்டி நனைகிறது

பலூன் உடைந்துவிட்டது என்றுதான் எல்லோரும் முதலில் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. தசை இறுகும்போது யூரின் டியூபுக்குள் போகாமல் அதன் ஓரமாகப் பீச்சியடிக்கிறது. பையிலும் ஏறிக்கொண்டு, அலை வரும்போது மட்டும் ஓரத்தில் கசிந்தால் அது இறுக்கம். மேலே சொன்னதையே செய்யுங்கள். பையில் ஏறாமல் ஓரத்தில் மட்டும் வந்தால் அடைப்பு, கிளம்புங்கள். இன்னும் தடிமனான டியூப் போட்டால் கசிவு நிற்கும் என்று சிலர் கேட்பார்கள். இறுக்கத்தால் வரும் கசிவுக்கு அது உதவாது, உறுத்தலைத்தான் கூட்டும்.

நுனியில் எரிகிறது

"நீர்க்கடுப்பு, உடம்புச் சூடு" என்று பாட்டிமார் வந்துவிடுவார்கள். கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள். அந்த அன்பை நான் தடுப்பதில்லை, ஆனால் இந்த எரிச்சல் சூட்டினால் வருவதல்ல. டியூப் உரசுகிறது, அல்லது அதன் ஓரத்தில் கசிவு காய்ந்து பொருக்குக் கட்டியிருக்கிறது. பொருக்கு ஒவ்வொரு அசைவிலும் அரம் போல அறுக்கும்.

காலை, மாலை, மலம் கழித்த பிறகு என வெதுவெதுப்பான தண்ணீரும் சாதாரணச் சோப்பும் போதும். நுனியிலிருந்து வெளிப்பக்கமாக டியூபைத் துடைத்து வாருங்கள், திரும்ப உள்நோக்கித் துடைக்காதீர்கள். பவுடர், டெட்டால், மஞ்சள் எதுவும் வேண்டாம். டாக்டர் எழுதிக்கொடுத்தால் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் ஜெல்லியை நுனியில் தடவலாம்.

முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிச் சுத்தம் செய்தால், முடித்ததும் மறக்காமல் முன்னுக்கு இழுத்துவிடுங்கள். கூச்சப்பட்டு இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பின்னால் தள்ளியபடியே விட்டால் சில மணி நேரத்தில் வளையம் போல இறுகி, நுனி வீங்கி, முன்னுக்குக் கொண்டுவர முடியாமல் போகும். வீங்கிவிட்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மகள்களும் மருமகள்களும் பராமரிக்கும் வீடுகளில் பெரியவர் தாமே செய்துகொள்கிறேன் என்பார். அப்போதும் இந்த ஒன்றை மட்டும் அவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

மலம் கழிக்கும்போது வலி, ரத்தம்

நிறைந்த குடல் பின்னாலிருந்து சிறுநீர்ப்பையை அழுத்தும். முக்கினால் ஆறாத புண்ணிலிருந்து ரத்தம் வரும். வலி மாத்திரைகளில் சிலவும், இறுக்கத்துக்குக் கொடுக்கும் மாத்திரைகளும் மலச்சிக்கலைக் கூட்டும். ஆகவே சிக்கல் வந்தபிறகு பார்க்காமல் முதல் நாளிலிருந்தே கீரை, பப்பாளி, ஊறிய உலர்திராட்சை என்று கொடுங்கள். தேவைப்பட்டால் டாக்டரைக் கேட்டு இசப்கோலோ மலமிளக்கி மருந்தோ கொடுங்கள். தரையில் குந்தும் கழிப்பறை வேண்டாம், நாற்காலிக் கழிப்பறையே நல்லது. 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்க்கும் வேலை வீட்டில் வேறு யாருடையதாவது ஆகட்டும். கனம் தூக்கியதும் பை சிவந்ததாக வந்த போன்கள் எத்தனையோ.

நிறம் மாறுகிறது

இளஞ்சிவப்பு, ரோஸ்மில்க் போன்ற நிறம், சில நாள் தெளிந்து மறுபடி கொஞ்சம் சிவப்பது, எல்லாம் வழக்கம். தண்ணீர் குடித்து ஓய்வெடுத்தால் தெளியும். தக்காளிச் சாறு போலக் கெட்டியாக, கட்டிகளோடு வந்து தெளியவே இல்லை என்றால் டாக்டரிடம் பேச வேண்டும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை எந்த நாளில் மறுபடி தொடங்குவது என்று டிஸ்சார்ஜ் அன்றே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இரண்டுமே ஆபத்து.

காய்ச்சல்

100.4 டிகிரி பாரன்ஹீட்டும் அதற்கு மேலும், அல்லது குளிர் நடுக்கம், அல்லது திடீரென்று பேச்சில் தடுமாற்றம்: அன்றே ஆஸ்பத்திரி. காய்ச்சல் இல்லாமல் யூரின் கலங்கலாக, வாடையாக இருப்பது மட்டும் தொற்று ஆகாது. டியூப் உள்ளே இருக்க இருக்க ஒவ்வொரு நாளும் சிலருக்குக் கிருமி குடியேறத்தான் செய்யும். அதற்காக மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்தால் உண்மையான தொற்று வரும் நாளில் அந்த மருந்து வேலை செய்யாமல் போகலாம்.

மாத்திரை

சிறுநீர்ப்பைத் தசையைச் சுருக்குவது அசிட்டைல்கோலின் என்ற நரம்புத் தூதுப்பொருள். அது தசையில் பற்றும் இடத்தை மறைப்பவைதான் ஆக்ஸிபியூட்டினின், டால்டெரோடின், சோலிஃபெனசின் போன்ற மாத்திரைகள். நன்றாகக் கேட்கும். ஆனால் அதே தூதுப்பொருள் வாயிலும் குடலிலும் கண்ணிலும் மூளையிலும் வேலை செய்கிறது. ஆகவே வாய் வறளும், மலம் கட்டும், பார்வை மங்கும். வயதானவர்களில் சிலருக்கு இரவில் குழப்பம் வரும்: இது எந்த இடம் என்பார், இறந்துபோன அண்ணனைக் கூப்பிடுவார். மாத்திரை தொடங்கிய பிறகு இப்படி வந்தால் மூப்பு என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். குறுகிய கோண கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு இவை ஆகாது. கண் சொட்டுமருந்து போடுபவர் என்றால் எதற்காக என்று முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மிராபெக்ரான் வேறு வழியில் தசையைத் தளர்த்தும். வாய் வறட்சி குறைவு. ரத்த அழுத்தம் கட்டுப்படாமல் எகிறி நிற்பவர்களுக்கு அது ஒத்துவராது.

பக்கத்து வீட்டுக்காரர் மிச்சம் வைத்த மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையும் அப்படித்தான், சிறுநீரகத்தைப் பாதிக்கும், ரத்தக்கசிவையும் கூட்டக்கூடும். இன்னொன்றும் முக்கியம்: தசையைத் தளர்த்தும் மாத்திரையை டியூப் எடுக்கும் நாளுக்கு முன்பு எப்போது நிறுத்துவது என்று கேட்டு வையுங்கள். நிறுத்தாமல் டியூபை எடுத்தால் சிறுநீர்ப்பை சுருங்க மறுத்து, யூரின் வராமல், மறுபடி டியூப் போட நேரலாம்.

ஆபரேஷனுக்கு முன்பே கேட்க வேண்டியது

இன்னும் ஆபரேஷன் நடக்கவில்லை என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலிகள். இந்த அவதியில் பெரும்பகுதியை முன்கூட்டியே தடுக்கலாம். நம் நாட்டிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். லக்னோவின் சஞ்சய் காந்தி முதுகலை மருத்துவ அறிவியல் நிறுவனத்து மயக்கவியல் மருத்துவர்கள், ஆபரேஷனுக்கு ஒரு மணி நேரம் முன்பு டால்டெரோடின் 2 மில்லிகிராம் கொடுத்தால் விழிக்கும்போது இந்த உறுத்தல் குறைகிறது என்று 2005-இல் வெளியிட்டார்கள். பின்னர் காபாபென்டின் போன்ற மருந்துகளையும் அவர்கள் இதற்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். மயக்கத்தின்போதே ஊசியாகக் கொடுக்கும் மருந்துகளும் இருக்கின்றன.

மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கும் நாளில், பி.ஏ.சி. என்று சீட்டில் எழுதியிருக்கும் அன்று, கூச்சப்படாமல் கேளுங்கள்: "கண் விழிக்கும்போது டியூபால் முட்டும் என்கிறார்களே, அதற்கு முன்கூட்டியே ஏதாவது கொடுக்க முடியுமா? அப்பாவின் வயதுக்கும் கண்ணுக்கும் அது ஒத்துவருமா?" அறுவை டாக்டரிடம் கேளுங்கள்: "டியூப் எத்தனை நாள் இருக்கும்? ரத்தம் நிற்க டியூபை இழுத்துக் கட்டுவீர்களா, எப்போது தளர்த்துவீர்கள்?" டி.யு.ஆர்.பி.க்குப் பின் வழக்கமாக 1 முதல் 3 நாள். லேசரில் பலருக்கு மறுநாளே எடுத்துவிடுவார்கள். ரப்பர் ஒவ்வாமை உண்டென்றால் சிலிக்கோன் டியூப் வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும்.

எல்லாவற்றிலும் மலிவான மருந்து, அப்பாவிடம் முதல் நாளே சொல்லிவிடுவது. முதுகில் ஊசி போட்டுச் செய்யும் ஆபரேஷனில் சில மணி நேரம் இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. மரப்பு இறங்கும்போது திடீரென்று முட்டும். சொல்லி வைத்திருந்தால் "ஓ, இதுதானா" என்பார். சொல்லாமல் விட்டவர் எழுந்து நடக்கப் பார்ப்பார், டியூபை இழுப்பார். ஊதிய பலூனோடு டியூபை இழுத்தால் உள்ளே கிழியும்.

மொழியும் இங்கே ஒரு விஷயம். இரவுப் பணியில் கன்னடம் மட்டும் பேசும் நர்ஸ் இருப்பார். திருப்பத்தூரிலிருந்தோ கிருஷ்ணகிரியிலிருந்தோ ஆபரேஷனுக்கு வந்த பெரியவருக்குத் தமிழ் மட்டும் தெரியும். எரிச்சலைக் கன்னடத்தில் "உரி" என்பார்கள். நர்ஸ் "உரி" என்று கேட்டதும், எதை உரிக்கப் போகிறார்களோ என்று மிரண்டுபோன ஒருவரை நான் தேற்றியிருக்கிறேன். "நோவு" இரண்டு மொழிக்கும் பொது. இந்த இரண்டு சொல்லையும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போங்கள்.

வார்டில் சிறுநீர்ப்பையைக் கழுவும் சலைன் ஓடிக்கொண்டிருக்கும்போது கூட இருப்பவர் செய்யக்கூடிய பெரிய உதவி, பையைப் பார்ப்பதுதான். உள்ளே போகும் அளவைவிட வெளியே வருவது குறைந்தால் உடனே நர்ஸை அழைத்து, வரத்துக் குறைந்திருக்கிறது என்று சொல்லுங்கள். குளிர்ந்த சலைன் சிலருக்கு இறுக்கத்தைத் தூண்டும். அவர் நடுங்கினால் அதையும் சொல்லுங்கள்.

டியூப் எடுக்கும் நாள்

காலையில் எடுக்கும்படி நேரம் வாங்குங்கள். ஏதாவது சிக்கல் என்றால் பகலிலேயே பார்த்துக்கொள்ளலாம். எடுக்கும்போது மூச்சை வெளியே விடச் சொல்வார்கள். ஒரு சுளீர், அவ்வளவுதான். அதன்பின் ஒரேயடியாகத் தண்ணீர் குடிக்காமல் மணிக்கு ஒரு டம்ளராகக் குடிக்கட்டும். முதல் சில தடவை எரியும், கொஞ்சம் சிவக்கும், கழிப்பறை போய்ச் சேருவதற்குள் சொட்டும். இவை சில வாரத்தில் படிப்படியாக அடங்கும். ப்ரோஸ்டேட் முழுவதையும் எடுத்தவர்களுக்குச் சொட்டுவது சில மாதம்கூட நீடிக்கலாம். யூரினை அடக்குவது போல இறுக்கி விடும் இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை டியூப் எடுத்த பிறகுதான் தொடங்க வேண்டும், டியூப் உள்ளே இருக்கும்போது வேண்டாம்.

முதல் நாள் ஒவ்வொரு தடவை போனதையும் ஒரு தாளில் நேரம் போட்டு எழுதுங்கள். பழைய மில்லி டம்ளரில் அளந்தால் இன்னும் நல்லது. அடிக்கடி ஐந்து சொட்டு, பத்து சொட்டாக மட்டும் வந்து அடிவயிறு கனத்தாலோ, ஆறு மணி நேரமாக ஒன்றுமே வராவிட்டாலோ அன்று மாலைக்குள் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்தத் தாளை டாக்டரிடம் கொடுங்கள்.